கூழாங்கல்லுக்கு அடியில ஒரு ஊர்!

கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பக்கம் ஏதாவது ஒரு காலேஜ்ல படிச்சுட்டு, டிகிரி முடியறதுக்குள்ள ஒரு தடவைகூட வால்பாறைக்குப் போகாத ஆள் யாராவது இருந்தா கை தூக்குங்க பார்ப்போம். ம்ஹூம்... ஒருத்தரும் இருக்க மாட்டீங்க! ஆழியாறு, குரங்கு அருவி, 40 கொண்டை ஊசி வளைவு, நடுவுல ரெண்டு பேருக்கு வாந்தி, ரோட்டோரத்துல நிக்கற வரையாடோட ஒரு செல்ஃபி, வால்பாறை டவுன்ல சுடச்சுட டீ... கடைசியா கூழாங்கல் ஆத்துல ஒரு ஆட்டம். இதுதான் நம்ம மாணவர் சமுதாயம் காலங்காலமா கட்டிக் காப்பாத்தி வர்ற டூர் புரோகிராம்.

இந்த ரூட்டை அப்படியே வெச்சுக்கிட்டு, பார்க்கற இடத்தை மட்டும் கொஞ்சம் மாத்தினா என்ன? வியூ பாயின்ட்ல நின்னு தூரத்துல பார்க்கறதுக்குப் பதிலா, ஓடையில குனிஞ்சு கல்லுக்கு அடியில பார்த்தா? போன பிப்ரவரியில ரெண்டு நாள் அதைத்தான் பண்ணிட்டு வந்தோம். அங்கே ஒரு ஊரே இருக்கு பாஸ்! வீடு கட்டறவன், வலை போடறவன், ரவுடி, குப்பை அள்றவன்னு எல்லா கேரக்டரும் உண்டு. அந்த ஊருக்கு நாம என்ன செய்துட்டு இருக்கோம்ங்கறதுதான் இந்தக் கட்டுரை.

டீ வடிகட்டியும் கொசுவலையும்

நான் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம். பூச்சிக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் ஹாஸ்டல் மெஸ்ஸோட சரி. என் ரூம்மேட்டோட அக்கா எம்.எஸ்ஸி. விலங்கியல் படிக்கறாங்க. அவங்க டிபார்ட்மென்ட்ல நாலு பேர் ஓடைப் பூச்சிகள் பத்தி புராஜெக்ட் செய்யக் கிளம்பினப்போ, “தூக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும்டா”ன்னு கூப்பிட்டாங்க. பொள்ளாச்சியில இருந்து மேல 65 கிலோமீட்டர். பஸ்ஸை விட்டு இறங்கினதும் சாமான்களைப் பிரிச்சாங்க. ஏதோ பெரிய ஆராய்ச்சிக் கருவி வரும்னு பார்த்தா... ரெண்டு கம்புல கட்டின கொசுவலை, டீ வடிகட்டி, வெள்ளை பிளாஸ்டிக் ட்ரே, பெயின்ட் அடிக்கிற பிரஷ், ஒரு தெர்மாமீட்டர், ஒரு பூதக்கண்ணாடி. மொத்தச் செலவு நம்ம ஒரு மாச டாப்-அப்கூட வராது!

முதல்லயே ஒரு விஷயம். ஆனைமலை புலிகள் காப்பகத்தோட மையப் பகுதி மட்டும் 958 சதுர கிலோமீட்டர். அதுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம காலே வைக்கக்கூடாது. நாங்க போனதெல்லாம் எஸ்டேட் நிலத்துல, மேனேஜர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கி, பகல் நேரத்துல மட்டும். யானையும் சிறுத்தையும் அங்கே நம்மைவிட சீனியர்.

வால்பாறையோட ஜாக்ரபி இதுக்கு ரொம்ப முக்கியம். சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி. 1890-களுக்கு முன்னாடி இது பெரும்பாலும் மழைக்காடு. அப்புறம் காபி, தேயிலைன்னு வெள்ளைக்காரங்க வெட்டித் தள்ளினதுல, இப்போ தேயிலைக் கடலுக்கு நடுவுல தீவுத் தீவா நாற்பதுக்கும் மேல காட்டுத் துண்டுகள் மிச்சம். புதுத்தோட்டம் பக்கம் போனா சிங்கவால் குரங்கு ரோட்டோரமே உட்கார்ந்திருக்கும் இல்லையா, அது அப்படி ஒரு துண்டுதான். இந்தக் காட்டுத் துண்டுகள்ல பிறக்கிற ஓடை, தேயிலைக்குள்ள ஓடி, லைன் வீடுகளைத் தாண்டி, டூரிஸ்ட் குளிக்கிற ஆத்துல வந்து சேருது. அதாவது ஒரே நாள்ல நடந்தே ஒரு ஓடையோட மொத்த வாழ்க்கையையும் பார்த்துடலாம்.

முதல் ஸ்டாப்: காட்டு ஓடை

காலை எட்டு மணி. காட்டுத் துண்டோட ஓரத்துல, ரெண்டு எட்டுல தாண்டிடற அளவுக்கு ஒரு ஓடை. மேல மரங்கள் கூரை போட்டிருக்கு. தண்ணி 19 டிகிரி. கால் வெச்சா பல் கிட்டிப் போகுது. எங்கேயோ சீகாரப் பூங்குருவி விசிலடிக்குது. ஸ்கூல் பையன் சும்மா ராகம் இல்லாம விசிலடிக்கற மாதிரியே இருக்கும், கேட்டுப் பாருங்க.

அக்கா ஒரு கல்லைக் காட்டினாங்க. “கீழ்ப்பக்கமா வலையைப் பிடி. கல்லை மெதுவா தூக்கு. பிரஷ்ஷால தடவு. முடிஞ்சதும் எந்தப் பக்கம் மேல இருந்துச்சோ அந்தப் பக்கமே மேல இருக்கற மாதிரி, அதே இடத்துல வெச்சுடணும்டா.” ஏன் அவ்வளவு ஸ்ட்ரிக்ட்டுன்னு கேட்டேன். “உன் வீட்டைத் தூக்கிப் பார்த்துட்டுத் தலைகீழா வெச்சுட்டுப் போனா ஒத்துப்பியா?”

ட்ரேயில தண்ணியை ஊத்தினா, முதல் ரெண்டு நிமிஷம் வெறும் குப்பைதான் தெரிஞ்சது. அப்புறம் குப்பை நடக்க ஆரம்பிச்சது!

குட்டிக் குட்டி மணல், இலைத் துணுக்கை எல்லாம் ஒட்டிக் கட்டின ஒரு குழாய் ஊர்ந்து போச்சு. அதுக்குள்ள ஒரு புழு. பேரு கேடிஸ்ஃப்ளை. தன் வாயிலிருந்து வர்ற பட்டு நூலை வெச்சு தண்ணிக்குள்ளேயே ஒட்டுது. நாங்க செமஸ்டர் முழுக்கத் தலைகீழா நின்னு படிக்கிற கான்கிரீட்டை, இவர் பரீட்சை எழுதாமலேயே போடறார்! இதுல இன்னொரு கோஷ்டி வீடு கட்டறதுக்குப் பதிலா கல் இடுக்குல வலை பின்னி வெச்சு, ஓடி வர்ற சாப்பாட்டைப் பிடிக்குது. நம்ம பரிசல்காரங்க மாதிரி.

அடுத்து மேஃப்ளை. வயித்துக்கு ரெண்டு பக்கமும் இலை மாதிரி செவுள், பின்னாடி பெரும்பாலும் மூணு வால். தண்ணிக்குள்ள மாசக்கணக்குல வளரும். ரெக்கை முளைச்சு வெளியே வந்த பிறகு சில மணி நேரம், மிஞ்சினா ரெண்டு நாள்தான் ஆயுசு. சாப்பிட வேலை செய்யற வாயே கிடையாது. ஜோடி சேரணும், முட்டை போடணும், செத்துப் போகணும்... அவ்வளவுதான். நம்ம ஊர் ஆராய்ச்சியில இதுக்கு ஒரு தனி இடம் உண்டு. மதுரைக் கல்லூரியில பேராசிரியரா இருந்த கே.ஜி.சிவராமகிருஷ்ணன், மேற்குத் தொடர்ச்சி மலையோட மேஃப்ளைகளை வகைப்படுத்தறதுக்காகவே பல வருஷம் உழைச்சவர். ஒரு நாள் வாழற பூச்சிக்காக ஒரு மனுஷன் எத்தனை வருஷம்!

ரெண்டு வாலோட தட்டையா ஒண்ணு ஓடிச்சு. இது ஸ்டோன்ஃப்ளை. ஓடை உலகத்தோட வி.ஐ.பி. தண்ணி குளிர்ச்சியா, ஆக்ஸிஜன் நிறைய இருந்தாத்தான் தங்கும். கல்லோட ஒட்டிப் போன பழைய பத்துப் பைசா மாதிரி ஒண்ணு... அது வாட்டர் பென்னி, ஒரு வண்டோட குழந்தை. அப்புறம் தட்டானோட குஞ்சு. பார்க்கப் பரம சாது. ஆனா அதோட கீழுதடு மடக்குக் கத்தி மாதிரி நீண்டு, கண்ணிமைக்கிற நேரத்துல இரையைக் கவ்விட்டு வந்துடும். ஹாலிவுட் ஏலியன் படம் எடுக்கறவங்க இங்கே வந்து ஒரு வாரம் தங்கணும்!

இதுங்க சும்மா இல்ல. காட்டு ஓடையில வெயில் குறைவு, அதனால பாசியும் குறைவு. மேலிருந்து விழற இலைதான் முக்கியமான வருமானம். அந்த இலை ஊறி, பூஞ்சை பிடிச்சதும் நண்டும் சில பூச்சிப் புழுக்களும் அதைக் கிழிச்சுத் தின்னும். மிச்சமாகிற பொடியை வலைக்காரங்க பிடிச்சுத் தின்பாங்க. கல் மேல படியற பாசியைச் சுரண்டித் தின்ன ஒரு கோஷ்டி. இவங்க எல்லாரையும் தின்ன மீன், தவளை, பூங்குருவி. ரெக்கை முளைச்சு வெளியே பறந்தா சிலந்திக்கும் வௌவாலுக்கும் டிஃபன். காட்டோட இலையை உயிரா மாத்திக் கொடுக்கிற சமையல்கட்டு, நாம மிதிச்சுட்டுப் போற அந்தக் கல்லுக்கு அடியிலதான் இருக்கு.

ரெண்டாவது ஸ்டாப்: தேயிலை நடுவுல

அதே ஓடையைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் கீழே நடந்தோம். கூரை காணோம். ரெண்டு பக்கமும் தண்ணி வரைக்கும் தேயிலை. அங்கொண்ணும் இங்கொண்ணுமா சில்வர் ஓக் மரம். அதுவே ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த விருந்தாளி. மத்தியானம் ஒரு மணிக்கு தெர்மாமீட்டர் 24 டிகிரி காட்டுது. அஞ்சு டிகிரிதானே, அதுல என்ன இருக்குன்னு தோணும்.

இங்கே எங்க டிபார்ட்மென்ட் கணக்கு உதவிச்சு. கடல் மட்டத்துல, 20 டிகிரியில ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடிச்சு வெச்சுக்கும். 30 டிகிரிக்குப் போனா அது சுமார் ஏழரை. மலை உயரத்துல இன்னும் கொஞ்சம் கம்மி. தண்ணி சூடாக ஆக, பூச்சியோட உடம்புக்கு ஆக்ஸிஜன் தேவை கூடுது, தண்ணியில இருக்கறதோ குறையுது. சம்பளம் குறைஞ்சு விலைவாசி ஏறினா மாதிரி. முதல்ல காலி பண்றது அந்த வி.ஐ.பி. ஸ்டோன்ஃப்ளைதான்.

ரெண்டாவது பிரச்னை மண்ணு. அடர்த்தியா வளர்ந்த தேயிலை மண்ணை நல்லாவே பிடிச்சு வெச்சுக்கும். ஆனா ரோடு, நடைபாதை, செடியைப் பிடுங்கிட்டு மறுநடவு பண்ற இடம்... இதெல்லாம் மழைக்குக் கரையும். வால்பாறை மழை சாதாரண மழையா? பக்கத்துல இருக்கற சின்னக்கல்லாறு, தமிழ்நாட்டுலயே அதிகமா மழை கொட்டற இடங்கள்ல ஒண்ணு. அடிச்சுட்டு வர்ற வண்டல் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இருக்கற சந்து பொந்தை எல்லாம் அடைச்சிடும். மேலிருந்து பார்த்தா ஓடை ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். உள்ளே வீட்டுக்கதவு எல்லாம் சிமென்ட் பூசின மாதிரி மூடிக் கிடக்கும். நாங்க தூக்கின கல்லுல பாதிக்குக் கீழே சேறு. மேஃப்ளையில ரெண்டு, மூணு வகை இருந்துச்சு. ஸ்டோன்ஃப்ளை ஒண்ணுகூடக் கிடைக்கல. இலை தின்ற கோஷ்டியும் மிஸ்ஸிங். இலை விழ மரமே இல்லையே!

மூணாவது, மருந்து. பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் மனுஷனைவிட மீனுக்கும் தண்ணியில வாழற பூச்சிக்கும் பல மடங்கு விஷம். அது செடியில இருக்கற பூச்சியா, ஓடையில இருக்கற பூச்சியான்னு மருந்துக்குத் தெரியாதே. ஓடைக்கரையில இருந்து கொஞ்சம் தள்ளி அடிக்கணும், மருந்து டப்பாவை ஓடையில கழுவக்கூடாது. இது ரெண்டையும் கடைப்பிடிச்சாலே பெரிய வித்தியாசம் வரும்னு அக்கா சொன்னாங்க.

லைன் வீட்டுப் பக்கம் துணி துவைச்சுக்கிட்டு இருந்த ஒரு பாட்டிம்மா எங்களையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. “என்ன தம்பி தேடறீங்க, தங்கமா?”

“பூச்சி பாட்டிம்மா.”

சிரிச்சுட்டாங்க. ட்ரேயைக் காட்டினதும் கிட்ட வந்து பார்த்தாங்க. “நண்டு இருக்கா? நாங்க சின்னப் புள்ளையா இருக்கறப்ப எந்தக் கல்லைப் புரட்டினாலும் நண்டுதான். மழை நாள்ல சளி பிடிச்சா எங்கம்மா நண்டு ரசம் வெச்சுக் குடுக்கும். இப்ப மேல சோலை வரைக்கும் ஏறணும். யானைக்குப் பயந்துக்கிட்டு எவன் போறான்?”

சோப்புத் தண்ணி ஓடைக்கு நல்லதில்லைன்னு பேச்சு வந்தப்போ பாட்டிம்மா கோபப்படல. “வீட்டுக்குள்ள குழாயைப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. நான் ஏன் இந்தக் குளிருல இங்கே உட்காரப் போறேன்?”னு கேட்டாங்க. பதில் சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நாலு தலைமுறையா கொழுந்து பறிச்ச குடும்பத்துக்கு வேற வழி இல்லாததால அந்த சோப்பு. சனிக்கிழமை காரெடுத்துட்டு வர்ற நமக்கு?

மூணாவது ஸ்டாப்: நம்ம ஆறு

ஆமா, கூழாங்கல் ஆறு! பேருக்கு ஏத்த மாதிரி கண்ணாடித் தண்ணி, கீழே உருண்டு திரண்ட கல்லு. முழங்கால் அளவுதானேன்னு நம்பி இறங்கலாம். மழை நேரத்துல அதே ஆறு ஆளையே இழுத்துட்டுப் போயிடும், ஜாக்கிரதை. சனிக்கிழமை சாயங்காலம். வேன், பைக், கார்னு ஒரு குட்டித் திருவிழா. ஒரு குரூப் ஷாம்பு போட்டுக் குளிக்குது. ஒரு அண்ணன் ஆத்துக்குள்ளேயே காரைப் பாதி இறக்கிக் கழுவறார். ஒரு ஜோடி கல்லு மேல கல்லு அடுக்கி ரீல்ஸ் எடுக்குது. பிரியாணி அண்டாவைக் கழுவிட்டு இருந்த இன்னொரு அண்ணன்கிட்ட மெதுவா கேட்டேன். “அட, ஓடற தண்ணிதானே தம்பி... அதுவே அடிச்சிட்டுப் போயிடும்!”

இந்த ஒரு வரிதான் எல்லாத்துக்கும் மூலம். நம்ம வீட்டுப் பெரியவங்கள்ல இருந்து நம்ம வரைக்கும் எல்லாரும் நம்பற வரி. தண்ணி அடிச்சிட்டுப் போயிடும், நிஜம்தான். ஆனா கல்லுக்கு அடியில இருக்கறவன் எங்கே போவான்? ஒரு ஷாம்பு பாக்கெட்டோட நுரை கால் மணி நேரத்துல கண்ணை விட்டு மறையலாம். அடுத்த பாக்கெட், அடுத்த அண்டா, அடுத்த கார், அடுத்த சனிக்கிழமை... ஒவ்வொண்ணும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போகுது. சோப்பு தண்ணியோட மேற்பரப்பு இழுவிசையைக் குறைச்சிடும். தண்ணி மேல ஸ்கேட்டிங் போற அந்த நீண்ட கால் பூச்சியைப் பார்த்திருப்பீங்களே, அது நிக்கற தரையே போயிடும். செவுளால மூச்சு விடறவங்களுக்கு இன்னும் கஷ்டம்.

கல்லு அடுக்கறது பார்க்க அழகுதான். ஆனா தண்ணியில இருந்து எடுத்துக் காய வெச்ச ஒவ்வொரு கல்லும் ஒரு அப்பார்ட்மென்ட். அதுல ஒட்டிக்கிட்டு இருந்த முட்டை, கூட்டுப்புழு எல்லாம் வெயில்ல காய்ஞ்சு போகும். நூறு பேர் ஒரே இடத்துல குதிச்சு ஆடினா, பூச்சிங்க பிடியை விட்டுட்டு தண்ணியோட மிதந்து போக ஆரம்பிச்சிடும். கீழே நல்ல இடம் கிடைச்சா பிழைச்சுது, இல்லேன்னா மீனுக்கு விருந்து.

கூட்டம் இல்லாத ஓரத்துல ஒரு தேங்கின குட்டையில வலையைப் போட்டோம். ட்ரேயில சிவப்பு நூல் மாதிரி நெளிஞ்சுது. மீன் தொட்டிக் கடையில பிளட் வார்ம்னு விக்கறாங்களே, அதே ஜாதி. ஒரு வகைக் கொசு மாதிரி ஈயோட புழு. நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அதோட உடம்புலயும் இருக்கு. அதனாலதான் அந்தச் சிவப்பு, அதனாலதான் ஆக்ஸிஜன் கம்மியான சேத்துலயும் ஜம்முனு வாழுது. பாவம், அது வில்லன் கிடையாது. மத்தவங்க எல்லாம் ஊரைக் காலி பண்ணின பிறகும் தங்கற ஆள். அது மட்டுமே மிஞ்சி இருந்தா, ஊருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

பூச்சி போடற மார்க்

எங்க லேப்ல தண்ணியோட தரத்தைப் பார்க்க பி.ஓ.டி. டெஸ்ட் பண்ணுவோம். பாட்டில்ல பிடிச்சு, புத்தகப்படி 20 டிகிரியில 5 நாள், நம்ம நாட்டு வெப்பத்துக்கு ஏத்த மாதிரி 27 டிகிரியில 3 நாள் வெச்சுப் பார்க்கணும். பாட்டில்ல பிடிச்ச அந்த நிமிஷத்துத் தண்ணியைப் பத்தி அது கரெக்டா சொல்லும். போன வாரம் ராத்திரி யாரோ எதையோ கொட்டினாங்கன்னா? அந்தத் தண்ணி இந்நேரம் அணைக்குப் போயிருக்கும். கல்லுக்கு அடியில மாசக்கணக்கா குடியிருக்கிற பூச்சிக்கு மட்டும்தான் அது தெரியும். லீவே போடாத வாட்ச்மேன்!

இந்த ஐடியா புதுசு இல்ல. 1900-களின் தொடக்கத்துலயே ஜெர்மனியில கோல்க்விட்ஸ், மார்சன்னு ரெண்டு பேர், உயிரினங்களை வெச்சே ஆத்தோட அழுக்கை அளக்க முறை போட்டாங்க. பிரிட்டன்ல 1976-ல ஒரு குழு அமைச்சு, பூச்சிக் குடும்பங்களுக்கு 1-ல இருந்து 10 வரைக்கும் மார்க் போட ஒரு பட்டியல் கொண்டுவந்தாங்க. ஸ்டோன்ஃப்ளைல பல குடும்பங்களுக்குப் பத்துக்குப் பத்து. சிவப்புப் புழுவோட குடும்பத்துக்கு 2. சாக்கடையில நெளியற மண்புழு ஜாதிக்கு 1. ட்ரேயில வந்த குடும்பங்களோட மார்க்கைக் கூட்டினா ஓடையோட ரிசல்ட். நம்ம மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதே வழியில, சுத்தம்ங்கறதுல ஆரம்பிச்சு கடும் மாசு வரைக்கும் அஞ்சு கிரேடு வெச்சிருக்கு. குளிர் நாட்டுப் பட்டியலை அப்படியே காப்பி அடிச்சா நம்ம ஊருக்குச் சரி வராது. இங்கே இருக்கற வகைகளே வேற. அதனாலதான் உள்ளூர் ஆராய்ச்சி முக்கியம். தென் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையில ஆறு ஓடைகளை எடுத்துக்கிட்டு, மனுஷ நடமாட்டம் நீர்ப்பூச்சிகளை எப்படிப் பாதிக்குதுன்னு பார்த்த ஒரு ஆய்வு 2007-லயே வெளியாகி இருக்கு. அதை எல்லாம் படிக்க வேண்டியது ஸுவாலஜிக்காரங்க மட்டும்தானா?

ஏன் கேட்கறேன்னா, நாளைக்கு மலை ஓடையில தடுப்பணை கட்டப் போறதும், கரைக்கு கான்கிரீட் சுவர் எழுப்பப் போறதும், ரோடு போட்டு மண்ணை ஓரமா தள்ளப் போறதும் யாரு? என்னோட டிபார்ட்மென்ட்தான்! சலசலன்னு ஓடற இடத்துல குறுக்கே ஒரு சுவர் வெச்சா, மேல் பக்கம் குளமாகிடும். ஓட்டத்துல வாழறவன் போய், தேக்கத்துல வாழறவன் வருவான். சுவர் வேணாம்னு நான் சொல்ல வரல. எஸ்டிமேட்ல சிமென்ட் மூட்டையை எண்ணற மாதிரி இதையும் ஒரு தடவை எண்ணணும்.

இந்தத் தண்ணி எங்கே போகுதுன்னும் பாருங்க. கூழாங்கல் ஆறு சோலையாறு அணைக்குப் போகுது. சோலையாறு, கேரளாவோட சாலக்குடி ஆத்துக்குக் கிளை நதி. நீங்க ரசிச்சுப் பார்த்த அதிரப்பள்ளி அருவி அந்த ஆத்துலதான் இருக்கு. இன்னொரு பக்கம் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் வழியா இந்த மலைத் தண்ணி பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், காங்கேயம் வரைக்கும் போய் வயல்ல பாயுது. நாம அண்டா கழுவின தண்ணிக்கு ரெண்டு ஸ்டேட்ல சொந்தக்காரங்க!

கெட்ட செய்தி மட்டும்தானா?

இல்ல பாஸ். இதுங்க ரொம்ப கெட்டிக்காரங்க. ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழைக்கும் வெள்ளம் வந்து இந்த ஊரையே புரட்டிப் போடுது. தண்ணி வடிஞ்சதும் மறுபடி குடியேறிடறாங்க. எப்படி? கொஞ்சம் பேர் மேலிருந்து மிதந்து வருவாங்க. ரெக்கை முளைச்சவங்க ஆத்துக்கு எதிர்த்திசையில பறந்து போய், மேல முட்டை போடுவாங்க. 1954-ல கார்ல் முல்லர்ங்கற விஞ்ஞானி இதை ஒரு சுழற்சின்னே விளக்கினார். நம்ம ஊர் வெப்பத்துல பல வகைகளுக்கு வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல தலைமுறை வேற. அதனால மேல ஒரு நல்ல காட்டு ஓடை உயிரோட இருந்து, கீழே நாம கொஞ்சம் கையைக் கட்டிக்கிட்டா, இந்த ஊர் தானே திரும்பி வரும்.

அந்த மேல் ஓடையைக் காப்பாத்த ஆளுங்க இருக்காங்க. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன், 2000-களின் தொடக்கத்திலிருந்தே வால்பாறையில எஸ்டேட் நிர்வாகங்களோட சேர்ந்து, சிதைஞ்ச காட்டுத் துண்டுகள்ல நாட்டு மரங்களை நட்டு வளர்த்துட்டு வருது. ஓடைக்கரையில பத்து மரம் நிழல் கொடுத்தா தண்ணி குளிரும், இலை விழும், வேர் மண்ணைப் பிடிக்கும். மூணு பிரச்னைக்கும் ஒரே பதில். பாட்டிம்மா கேட்ட குழாய்க்கு மட்டும் மரம் பதில் சொல்லாது. அதுக்கு எஸ்டேட்டும் அரசாங்கமும் மனசு வைக்கணும். அந்தக் குழாய்க்கு டிசைன் போடத் தெரிஞ்சவங்க நம்ம கிளாஸ்லயே அறுபது பேர் இருக்கோம்.

நீங்க போறப்போ...

2025 நவம்பர் 1-லிருந்து ஊட்டி, கொடைக்கானல் மாதிரி வால்பாறைக்கும் இ-பாஸ் வந்தாச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி பதிவு பண்ணிடுங்க. ஜனவரி, பிப்ரவரியில தண்ணி தெளிஞ்சிருக்கும். பூச்சி பார்க்க அதுதான் நேரம்.

குளிங்க, ஆடுங்க, யாரு வேணாம்னா? சோப்பு, ஷாம்பு மட்டும் ரூம்லயே இருக்கட்டும். அண்டாவைக் கழுவணும்னா ஒரு குடத்துல தண்ணி மொண்டு, கரையை விட்டுத் தள்ளி மண்ணு மேல கழுவுங்க. காரைக் கீழே ஊருக்குப் போய்க் கழுவிக்கலாம். கல்லை அடுக்காதீங்க. ஒரே ஒரு கல்லை மட்டும், தண்ணி குறைவா இருக்கற ஓரத்துல, மெதுவாப் புரட்டிப் பாருங்க. கேமராவுல மேக்ரோ மோடைப் போட்டு ஒரு படம் எடுங்க. வால் ரெண்டா மூணான்னு எண்ணுங்க. ரெண்டு வாலோட ஒருத்தர் தட்டையா ஓடினார்னா, நீங்க நிக்கறது முதல் ரேங்க் வாங்கின தண்ணியிலன்னு அர்த்தம்.

அப்புறம் அந்தக் கல்லை, அதே இடத்துல, அதே பக்கம் மேல இருக்கற மாதிரி வெச்சுடுங்க. உள்ளே ஆள் இருக்காங்க!